கருணை மனுவைப் பொம்மலாட்டத்துல காட்டுறோம், 11 வருஷக் காத்திருப்பை எப்படிக் காட்டுறதுன்னு தெரியல

கம்பியும்கயிறும்:
வணக்கம். மாயவரம் பக்கத்துல ஒரு பொம்மலாட்டக் குழுவுல பாட்டும் வசனமும் எழுதறேன், ஆள் பத்தலைன்னா உள்ள போய் பொம்மையும் பிடிப்பேன். ஆட்டறது எங்க மாமாவும் அவர் பசங்க ரெண்டு பேரும். வழக்கமா அரிச்சந்திரா, வள்ளி திருமணம்தான் போடுவோம். இந்த வருஷம் ஒரு சட்டக் கல்லூரியில கூப்பிட்டு ஜனாதிபதியோட மன்னிப்பு அதிகாரத்தைப் பத்தி ஏதாச்சும் செய்ய முடியுமான்னு கேட்டாங்க, சரின்னு 40 நிமிஷத்துக்கு ஒரு கதை கட்டினோம். பேர் வைக்காத ஒரு நாடு, ஒரு ராஜா, தூக்கு தண்டனை வாங்கின ஒரு பையன், மனுவைத் தூக்கிட்டு அலையற அம்மா. ராஜீவ் கொலை கேஸ்ல தூக்கு வாங்கின பேரறிவாளன் வழக்கோட சாயல் இருக்கும், பேர் எதுவும் சொல்லல. கடைசியில ராஜா மனசு இரங்கி மன்னிச்சிடுவார்.

இதுவரைக்கும் மூணு இடத்துல போட்டாச்சு. காலேஜ்ல அமைதியா உக்காந்து பார்த்தாங்க. ஒரு கவர்மென்ட் ஸ்கூல்ல எட்டாவது பசங்களுக்குப் போட்டோம், நல்லாப் பார்த்தாங்க. மூணாவது ஒரு கோயில் திருவிழா, அங்கதான் மனசு விட்டுப்போச்சு. பையன் ஜெயில்ல காத்திருக்கற காட்சி நாலு நிமிஷம் வரும், பாட்டு மட்டும் ஓடும், பொம்மை நிக்கும். ரெண்டாவது நிமிஷத்துலயே பாதி ஜனம் எந்திரிச்சு டீக்கடைப் பக்கம் போயிடுச்சு. முன் வரிசையில ஒரு பாட்டி மட்டும் போகல, ஆனா முடிஞ்சதும் நேரா எங்கிட்ட வந்து "கொலை பண்ணவனை ராசா எதுக்குடி விட்டாரு, காரணம் சொல்லவே இல்லியே"ன்னு கேட்டுது. எனக்கு பதில் வரல.

தெரியாதவங்களுக்கு ஒண்ணு சொல்லிடறேன். எங்க பொம்மை மரத்துல செஞ்சது, நாலு நாலரை அடி உயரம், பத்து கிலோ வரைக்கும் வரும். கயிறெல்லாம் ஆட்டறவர் தலையில மாட்டியிருக்கற வளையத்துலதான் கட்டியிருக்கும், கைக்கு மட்டும் கம்பி. பொம்மை தலையசைக்கணும்னா மாமா தலையசைக்கணும், பொம்மை நாலு நிமிஷம் சும்மா நிக்கணும்னா மாமா அவ்ளோ வெயிட்டையும் கழுத்துல தாங்கிட்டு நாலு நிமிஷம் சும்மா நிக்கணும். அவருக்கு 61 வயசு.

அந்தக் காட்சியை எப்படி மாத்தறது, பாட்டிக்கு என்ன பதில் சொல்றது, ரெண்டுக்கும் யோசனை வேணும்.

வக்கீல்_மலைக்கோட்டை:
மேடம், நல்ல முயற்சி. ஆனா கதையில ஒரு பெரிய தப்பு இருக்கு, அதைச் சரி பண்ணாம மத்ததைப் பேச முடியாது. பேரறிவாளன் வழக்குல எந்த ராஜாவும் மன்னிக்கல.

வரிசையா சொல்றேன். 1991 ஜூன்ல கைது, அப்ப வயசு 19. 1999 மே மாசம் சுப்ரீம் கோர்ட் நாலு பேருக்குத் தூக்கை உறுதி பண்ணுச்சு. அதுல நளினிக்கு மட்டும் 2000-ல மாநில அமைச்சரவை சொல்லி கவர்னர் ஆயுளாக் குறைச்சார், மத்த மூணு பேர் மனு ஜனாதிபதிகிட்ட போச்சு. 2000-ல போன மனுவை 2011 ஆகஸ்ட்லதான் நிராகரிச்சாங்க. பதினோரு வருஷம், நடுவுல மூணு ஜனாதிபதி. 2014 பிப்ரவரி 18-ல அந்தத் தாமதத்தையே காரணமா வச்சு சுப்ரீம் கோர்ட்தான் தூக்கை ஆயுளா மாத்துச்சு. அப்புறம் 2018 செப்டம்பர்ல தமிழ்நாடு அமைச்சரவை விடுதலைக்குப் பரிந்துரை பண்ணுச்சு, கவர்னர் ரெண்டு வருஷத்துக்கு மேல கையில வச்சிருந்துட்டு, இதை ஜனாதிபதிதான் முடிவு பண்ணணும்னு அங்க தள்ளிவிட்டார். 2022 மே 18-ல கோர்ட் அரசியலமைப்போட 142-வது பிரிவைப் பயன்படுத்தி அதுவே விடுதலை பண்ணுச்சு, இந்த விஷயத்துல கவர்னர் அமைச்சரவை சொல்றதுக்குக் கட்டுப்பட்டவர்னும் சொல்லுச்சு.

அதிகாரத்துக்கு எல்லைன்னு சொன்னா எல்லாரும் கண்டவனுக்கும் கொடுத்துடக் கூடாதுங்கறதை மட்டும்தான் நினைக்கிறாங்க. கொடுக்கவும் மாட்டேன், இல்லன்னும் சொல்ல மாட்டேன்னு கையில வச்சிருக்கறதுக்கும் எல்லை உண்டு. என்னைக் கேட்டா உங்க கதையே அதுதான், நீங்க கடைசியில ராஜாவை இரங்க வச்சு அதைக் கெடுத்துட்டீங்க.

இன்னொண்ணு, ஜனாதிபதி தனியா முடிவெடுக்கறவர் இல்ல. அரசியலமைப்போட 72-வது பிரிவுல மன்னிக்கற அதிகாரம் அவர் பேர்லதான் இருக்கு, ஆனா அமைச்சரவை சொல்றபடிதான் நடக்கணும்னு 1980-லயே மாருராம் வழக்குல சொல்லியாச்சு. உங்க மேடையில மந்திரி எங்க?

எட்டாம்வகுப்பு_டீச்சர்:
நாங்க பாடத்துல நாடாளுமன்றம், நீதித்துறைன்னு நடத்துவோம், கருணை மனுன்னா என்னன்னு பசங்க பேப்பர்ல பார்த்துட்டு வந்து கேட்டாதான் சொல்றது. இந்தக் கதையை என் பசங்க பார்த்தா முதல் கேள்வி என்ன வரும்னு எனக்குத் தெரியும், ராஜா தன் சொந்தப் பிள்ளைக்கு மன்னிப்பு கொடுக்கலாமா டீச்சர்ம்பாங்க. ஏன்னா அவங்களுக்குத் தெரிஞ்ச ராஜா கதை மனுநீதிச் சோழன், ஆராய்ச்சி மணி, கன்னுக்குட்டி. அந்த ராஜா தன் பிள்ளையை விடவே இல்ல. அதுலயே ஆரம்பிங்களேன், பசங்களுக்கும் தெரியும், பாட்டிக்கும் தெரியும், காலேஜ் பசங்களுக்கும் தெரியும்.

வக்கீல்_மலைக்கோட்டை:
டீச்சர், மனுநீதிச் சோழனை ஆரம்பத்துக்கு வச்சுக்கலாம், முடிவுக்கு வச்சுக்கக் கூடாதுன்னு நினைக்கிறேன். அந்தக் கதையில சட்டம் இருக்கு, கருணைக்கு இடமே இல்ல. கோர்ட்டும் தப்பு பண்ணும், சில விஷயம் கோர்ட் கண்ணுல படாமப் போகும், அதுக்காகத்தான் 72-ஐ வச்சிருக்காங்க. இந்திரா காந்தி கொலை கேஸ்ல தூக்கு வாங்கின கேஹர் சிங் வழக்குல, கோர்ட் தீர்ப்பு சொன்ன பிறகும் ஜனாதிபதி சாட்சியங்களைத் தானா பார்த்து வேற முடிவுக்கு வரலாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. ஆனா அந்த கேஹர் சிங்கையும் 1989 ஜனவரியில தூக்குல போட்டுட்டாங்க.

ஜெர்சி_முருகு:
சொந்தப் பிள்ளை கேள்விக்கு இங்க அமெரிக்காவுல பதில் கிடைச்சிருச்சு, 2024 டிசம்பர் 1-ல பைடன் தன் மகனுக்கே மன்னிப்பு கொடுத்தார். அடுத்த மாசம் 20-ந் தேதி டிரம்ப் பதவியேத்த அன்னிக்கே, நாடாளுமன்றக் கட்டடத்துல புகுந்து கலவரம் பண்ண கேஸ்ல சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு. இங்க எல்லைன்னு எழுதி வச்சிருக்கறது ரெண்டே ரெண்டு. மத்திய சட்டக் குற்றத்துக்கு மட்டும்தான் செல்லும், மாநிலச் சட்டக் குற்றத்துக்கு ஜனாதிபதி கை நீட்ட முடியாது. அப்புறம் பதவிநீக்க விசாரணைக்குச் செல்லாது. கேஸே போடறதுக்கு முன்னாடிகூட கொடுக்கலாம்னு 1860-கள்லயே கோர்ட் சொல்லிருச்சு, அப்படித்தான் 1974-ல நிக்சனுக்குக் கிடைச்சது. காரணம் எழுதணும்னு கட்டாயம் இல்ல, எனக்கு அதுதான் ரொம்ப உறுத்துது. அந்தப் பாட்டி கேட்ட கேள்வி இங்கயும் கேட்க வேண்டிய கேள்வி.

அண்ணனைஇழந்தவள்:
நான் இந்த மாதிரி இடத்துல எழுதறதில்ல. பாட்டின்னு படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு.

எங்க அண்ணனை வெட்டிக் கொன்னாங்க, ரொம்ப வருஷம் ஆச்சு. செஞ்சவனுக்கு ஆயுள் தண்டனை. ஒரு நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல பூ வாங்கிட்டுத் திரும்பறேன், அவன் எதிர்க்க நின்னு கரும்பு ஜூஸ் குடிச்சிட்டிருக்கான். தண்டனையைக் குறைச்சு விட்டுட்டாங்கன்னு அப்பதான் எங்களுக்குத் தெரியும். யாரும் எங்ககிட்ட சொல்லல, ஒரு கடுதாசி வரல. அம்மாகிட்ட நான் ரெண்டு மாசம் சொல்லாமலே வச்சிருந்தேன். அவனை மறுபடியும் உள்ள போடுங்கன்னு நான் கேட்கல, அவனும் அத்தனை வருஷம் உள்ள இருந்துட்டான். எதை வச்சு முடிவு பண்ணாங்கன்னு எழுதி எங்க கையில கொடுத்திருக்கணும், அவ்ளோதான்.

உங்க நாடகத்துல அம்மா ஒருத்திதான் இருக்கா, ஜெயில்ல இருக்கற பையனோட அம்மா. செத்தவனுக்கும் ஒரு அம்மா இருப்பா இல்லீங்களா.

கம்பியும்கயிறும்:
அக்கா, படிச்சிட்டு ரொம்ப நேரம் எழுத முடியல. மாமாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லாம எந்திரிச்சுப் போய், பெட்டியில இருந்து சந்திரமதி பொம்மையை எடுத்துட்டு வந்து வச்சார். மயான காண்டத்துல பிள்ளையைப் பறிகொடுத்து அழற பொம்மை அது. ரெண்டாவது அம்மா இவதான்னார்.

வக்கீல்_மலைக்கோட்டை:
அக்கா, நீங்க கேட்டதை இன்னொருத்தர் கோர்ட் வரைக்கும் கொண்டு போயிருக்கார். ஆந்திராவுல ஒரு கொலை வழக்கு, தண்டனை வாங்கினவர் ஒரு பெண் எம்.எல்.ஏ-வோட கணவர். கவர்னர் மிச்சத் தண்டனையைத் தள்ளுபடி பண்ணிட்டார், அரசாங்கக் கோப்புல போன அறிக்கையில அவர் நல்ல காங்கிரஸ் தொண்டர்னு எழுதியிருந்துச்சு. கொலையானவரோட மகன் வழக்கு போட்டார். 2006-ல, ஏப்புரு சுதாகர் வழக்குன்னு பேர், சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை ரத்து பண்ணுச்சு. யோசிக்காமலே கையெழுத்து போட்டாலோ, உள்நோக்கத்தோட கொடுத்தாலோ, பார்க்க வேண்டியதைப் பார்க்காம விட்டு சம்பந்தமில்லாததை வச்சு முடிவெடுத்தாலோ கோர்ட் தலையிடலாம், சாதி, மதம், கட்சி விசுவாசம் எல்லாம் மன்னிப்புக்குக் காரணமே ஆகாதுன்னு அதுல இருக்கு. இருந்தும் உங்க வீட்டுக்கு ஒரு கடுதாசி வரலைங்கறதுதான் நிஜம், அதை நான் பூசி மெழுக விரும்பல.

வடமராட்சியான்:
வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணம், வடமராட்சி. உங்கட கதையை எங்கட பக்கம் கொண்டுவந்து போட்டால் என்ன நடக்கும் எண்டு யோசிச்சுப் பாத்தன். ராஜா மன்னிக்கிற இடத்தில இஞ்ச ஒருத்தரும் கை தட்டமாட்டினம்.

2000 டிசம்பரில மிருசுவிலில எட்டுப் பேரைக் கொலைசெய்து புதைச்சவங்கள், தங்கட வீடு வளவைப் பாக்கவெண்டு போன சனம், அதில ஒரு பிள்ளைக்கு அஞ்சு வயசு. ஒருத்தர் தப்பி வந்ததாலதான் வெளிய தெரிஞ்சது. 2015-இல ஒரேயொரு இராணுவச் சிப்பாய்க்கு மரணதண்டனை தீர்த்தது, 2019-இல உயர் நீதிமன்றமும் (உங்கட சுப்ரீம் கோர்ட் மாதிரி) அதைச் சரியெண்டு சொன்னது. அதுக்கு அடுத்த வருசம், 2020 மார்ச் மாதம், கொரோனாவால எல்லாரும் வீட்டுக்குள்ள அடைபட்டிருக்கேக்க, அப்ப ஜனாதிபதியா இருந்த கோத்தபாய அவனுக்குப் பொதுமன்னிப்புக் குடுத்து விட்டார். பதினைஞ்சு வருசம் வழக்கு நடந்தது, வெளிய வர ஒரு கையெழுத்துப் போதுமாயிருந்தது. உங்கட ஊரில கருணை எண்டு சொன்னால் சனத்துக்கு ஒரு தாயின்ர முகம் ஞாபகம் வரும். எங்களுக்கு அந்தச் சொல்லு வேற மாதிரித்தான் கேக்கும்.

ஆனா அதுக்குப் பிறகு கொழும்பில ரெண்டு விசயம் நடந்தது. கொலை வழக்கில மரணதண்டனை தீர்த்த முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவுக்கு 2021-இல குடுத்த மன்னிப்பை 2024 ஜனவரியில உயர் நீதிமன்றம் ரத்துச் செய்தது, அதுக்கு வழக்குப் போட்டவையில கொலைசெய்யப்பட்டவரின்ர மகளும் ஒராள். கொழும்பு ரோயல் பார்க் அடுக்குமாடிக் கொலைக்காரனுக்கு 2019-இல அப்பத்தைய ஜனாதிபதி மைத்திரி குடுத்ததையும் 2024 ஜூனில ரத்துச் செய்தது. எங்கட அரசியலமைப்பின்ர 34-ஆம் உறுப்புரையில மரணதண்டனை எண்டால் வழக்கு விசாரிச்ச நீதிபதியிட்ட அறிக்கை வாங்கவேணும், அது சட்டமா அதிபரிட்டப் போகவேணும், பிறகு நீதி அமைச்சர் பரிந்துரை எழுதவேணும் எண்டு படிப்படியாக் கிடக்கு. அதை உங்கட மேடையில காட்டலாம் அக்கா. ஒரு கடுதாசி மூண்டு கையால மாறிப் போகட்டும்.

நாகர்கோவில்_தோல்பாவை:
நான் குமரி மாவட்டம், தோல்பாவைக்கூத்து பாத்து வளந்த ஆளு, இப்ப கொஞ்சம் கத்துக்கிட்டும் இருக்கேன். சட்டம் எனக்குத் தெரியாது, ஆளு எந்திரிச்சுப் போனதைப் பத்திச் சொல்லுதேன்.

எங்களுக்கு ராமாயணம் பத்து நாள் நடக்கும். ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் தக்கன கதையை மாத்த மாட்டாவ, ராமர் ராமராத்தான் இருப்பாரு. மாறுதது உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும்தான், ரெண்டும் சிரிப்புக்காரப் பாவைக. அந்த ஊர்ல தண்ணி வரலியா, ரோடு மோசமா, அதை இவனுவ ரெண்டு பேரும் வந்து பேசுவானுவ. சின்னப் பிள்ளைக கூட்டம்னா அடிதடி ஜாஸ்தி, வயசாளிக இருந்தா பேச்சு ஜாஸ்தி. கதைக்கும் சனத்துக்கும் நடுவுல இவனுவதான் பாலம். உங்க கதையிலயும் ரெண்டு பேரை விடுங்க, மனு எங்க இருக்குன்னு தேடிட்டுத் திரியட்டும், மேசை மேசையாப் போயிக் கேக்கட்டும்.

இன்னொண்ணு, பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்ல கூத்துமாடத்துல 21 விளக்கு வச்சு கம்பராமாயணம் ஆடுவாவ, நம்ம தமிழ்ப் பாட்டுதான். அது பகவதிக்காக ஆடுதது. முன்னால ஒரு ஆளு இல்லன்னாலும் ராத்திரி முழுக்க ஆட்டம் நடக்கும், ஒரு பாட்டைக் குறைக்க மாட்டாவ. அதனால ஜனம் எந்திரிச்சதுக்கு ரொம்ப வருத்தப்படாதீங்க. இருந்த அந்தப் பாட்டி இருந்தாவல்லா.

அண்ணனைஇழந்தவள்:
சிரிப்புக்காரங்க வரட்டும். கொலையைப் பத்தி மட்டும் அவங்க பேச வேண்டாம்.

நாகர்கோவில்_தோல்பாவை:
சரிதான் அக்கா. நல்லதங்காள் கதையில பிள்ளைகளைக் கிணத்துல போடுத இடத்துல இவனுவ வரவே மாட்டானுவ. அங்கெல்லாம் பாட்டு மட்டும்தான்.

எட்டாம்வகுப்பு_டீச்சர்:
காத்திருக்கற காட்சிக்கு என் யோசனை. பையனை விட்டுடுங்க, ராஜாவை மாத்துங்க. வக்கீல் சார் மூணு ஜனாதிபதின்னு சொன்னாரே, ஒரு ராஜா போயி அடுத்த ராஜா வரட்டும், கிரீடம் மாறட்டும், மேசை மேல இருக்கற கோப்பு மட்டும் அங்கயே இருக்கட்டும். எட்டாவது பையனுக்கு 11 வருஷம்னா என்னன்னு மனசுல ஏறாது, அவன் பிறந்தே 13 வருஷம்தான் ஆகுது. மூணு ராஜான்னா புரிஞ்சிடும்.

வக்கீல்_மலைக்கோட்டை:
அருமை டீச்சர். கூடவே இதையும் சேர்க்க முடியுமா பாருங்க. 2013 பிப்ரவரியில நாடாளுமன்றத் தாக்குதல் கேஸ்ல அப்சல் குருவைத் தூக்குல போட்டப்ப, மனு நிராகரிச்ச தகவல் குடும்பத்துக்கு ஸ்பீட் போஸ்ட்ல போச்சு, தூக்குல போட்டு முடிச்சதுக்கு அப்புறம்தான் அது வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. அவர் செஞ்சது என்னங்கற விவாதத்துக்குள்ள நான் போகல, அந்தக் கடுதாசியை மட்டும் பாருங்க. அடுத்த வருஷம் ஜனவரியில சத்ருகன் சவுகான் வழக்குல 15 பேரோட தூக்கை ஆயுளா மாத்தினப்ப, வீரப்பன் கேஸ்ல இருந்த நாலு பேரும் அதுல உண்டு, நிராகரிச்சதைக் கைதிக்கும் குடும்பத்துக்கும் எழுத்துல சொல்லணும், சொன்னதுக்கு அப்புறம் 14 நாளாவது விடணும்னு கோர்ட் விதி போட்டுச்சு. உள்ள இருக்கறவன் குடும்பத்துக்கு அந்தக் கடுதாசியை வாங்கவே இவ்ளோ காலம் ஆச்சு. அக்கா கேட்கற கடுதாசி இன்னும் பாக்கி.

கம்பியும்கயிறும்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி கொட்டகையில முழுசா ஒத்திகை பார்த்துட்டோம், என்ன மாறியிருக்குன்னு சொல்லிடறேன்.

ஆராய்ச்சி மணியில ஆரம்பிக்குது. மணியை அடிக்கறது ரெண்டு அம்மா, ஒருத்தி இந்தப் பக்கம், சந்திரமதி அந்தப் பக்கம். ராஜா மூணு பேர் வர்றாங்க. ராஜா பொம்மையோட தலை அதை ஆட்டறவர் தலையிலயே இருக்கு, வலது கைக் கம்பியை மட்டும் மாமாவோட பெரிய பையன் ஜனம் பார்க்கற மாதிரி முன்னாடி வந்து பிடிச்சுக்கறான். அவன்தான் மந்திரி. தலை ஒருத்தர்கிட்ட, கையெழுத்து போடற கை இன்னொருத்தர்கிட்ட. 72-வது பிரிவுன்னு வாயால சொல்லாமலே தெரியுது, சின்னவன் பார்த்ததும் "அப்ப ராஜா கையை இவன்ல ஆட்டறான்"னான். ரெண்டு சிரிப்புக்காரங்க கோப்பைத் தேடறாங்க, கடுதாசி மூணு கை மாறுது, அது யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னது. ராஜா மன்னிக்கறதை எடுத்துட்டேன். நீதிமான் பொம்மை வந்து கதவைத் திறக்குது, ஏன் திறக்கறேன்னு காரணத்தை வாசிக்குது, வாசிக்கறப்ப ரெண்டு அம்மாவும் மேடையில நிக்கறாங்க. சந்திரமதிக்கு வசனம் எழுதிப் பார்த்தேன் அக்கா, எது எழுதினாலும் பொய்யா இருந்துச்சு. அவ கையை நீட்டறா, காரணம் எழுதின கடுதாசியை நீதிமான் அவகிட்டயும் ஒண்ணு கொடுக்கறார்.

பையன் நிக்கற காட்சியை ரெண்டு நிமிஷமாக் குறைச்சிடலாம்னு சொன்னேன், மாமா ஒத்துக்கல. நாலு நிமிஷமும் இருக்கட்டும், ராஜாக்கள் மாறட்டும், இவன் இங்கயே நிக்கட்டும்னார். மூணாவது நிமிஷம் நான் வெளிய வந்து ஜனம் உக்கார்ற இடத்துல இருந்து பார்த்தேன். பையன் பொம்மையோட தலை லேசா நடுங்குது, தோள்பட்டை வரைக்கும் நடுக்கம் இறங்குது. நாங்க அப்படி ஆட்டணும்னு எதுவும் பேசி வைக்கல. உள்ள மாமாவோட கழுத்து தாங்கல, அது கயிறு வழியா பொம்மைக்கு வந்துடுச்சு. முடிஞ்சதும் கழுத்துக்குத் தைலம் தேச்சுவிட்டுட்டே, வேணும்னா கம்பத்துல ஒரு கொக்கி போட்டு பொம்மையைத் தொங்கவிட்டுடலாம் மாமான்னேன். வேண்டாம்னுட்டார்.

வெள்ளிக்கிழமை அதே கோயில் ஊர்ல மறுபடி போடறோம், கேட்டு வாங்கினது. பாட்டிக்கு ஆள் விட்டுச் சொல்லியாச்சு.

இப்ப ஒரே ஒரு சிக்கல்தான். காரணம் எழுதின அந்தக் கடுதாசி. பேப்பர்ல செஞ்சா ஃபேன் காத்துக்கே பறக்குது, அட்டையில செஞ்சா மரக்கையில டக்குடக்குன்னு சத்தம் வருது, சந்திரமதி வாங்கற நேரத்துல அந்தச் சத்தம் ரொம்ப கெடுக்குது. துணியில செஞ்சா கைக்குட்டை மாதிரி இருக்கு. வேற எதுல செய்யலாம்?

நாகர்கோவில்_தோல்பாவை:
ஆட்டுத்தோல்ல செய்யுங்க. நல்லாச் சுரண்டி மெலிசா எடுத்தது பறக்காது, சத்தமும் வராது, பின்னால விளக்கு இருந்தா எழுத்து தெரியும். எங்கிட்ட ரெண்டு துண்டு மிச்சம் இருக்கு, உள்பெட்டியில அட்ரஸ் போடுங்க, நாளைக்குக் காலையிலயே பார்சல் போட்டுருதேன், வெள்ளிக்குள்ள வந்துரும்.